குளிர் அறையில் தேறிய மீட்டர்

நபீசாவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்று உச்சி வெயிலில் திருமலைராயன்பட்டினத்துப் பழமண்டி வாசலில் அவள் தன் தம்பி அஃப்ரித்திடம் பேசியது, பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை தியாகராசனுக்கே சரியாகக் கேட்கவில்லை. எவ்வளவு கோபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஒரே ஒரு பழத்த அறு. மத்தத அப்புறம் பேசலாம்."

"அறுக்காம பாக்கத்தானே லாத்தா மீட்டரே வாங்குனது," என்றான் அஃப்ரித்.

டார்ச் லைட் பருமனில் இருந்த மீட்டரின் வாயை அடுத்த முலாம்பழத்தின் தோலில் வைத்து அழுத்தினான். அது கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. திரையில் ஆறு புள்ளி எட்டு என்று சிவப்பாக எழுத்து வந்தது. சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்காவது சர்க்கரை இருந்தால்தான் முதல் தரம். இவர்கள் பழம் அனுப்புகிற சென்னைப் பெரிய கடைக்காரர்கள் போட்ட சட்டம் அது. பத்துக்குக் கீழே எது வந்தாலும் கழிவு. குட்டி யானை வண்டியில் வந்த சுமையில் பாதிக்கு மேல் அழுத்திப் பார்த்தாயிற்று. ஏழைத் தாண்டிய பழம் ஒன்றுகூட இல்லை.

வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு அல்லி நின்றாள். பழம் அவளுடையது. கருக்களாச்சேரிப் பக்கம் மணல் நிலம் குத்தகைக்குப் பிடித்து விவசாயம் பார்க்கிறவள். வழக்கமாகக் கடலை போடுவாள். இந்த வருஷம் முலாம்பழம் போடச் சொன்னது நபீசாதான். மார்கழிப் பனியில் அல்லியின் வயல் வரப்பில் நின்றுகொண்டு, "யாரு நாக்கும் உங்க பழத்துக்குத் தரம் சொல்லாது அல்லிக்கா. மீட்டர் சொல்லும். அதுக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்க கெடயாது. பத்து காட்டுச்சுன்னா கடைசிப் பழம் வரைக்கும் நானே எடுத்துக்கிறேன்," என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அல்லி அதை நம்பிக் கொடியை நட்டாள். இப்போது வண்டியில் இருப்பது பாதி. மீதிப் பாதி கொடியிலேயே மஞ்சள் தட்டிக் கிடக்கிறது. காம்பு கழன்ற முலாம்பழம் யாருக்காகவும் காத்திருக்காது, இரண்டு மூன்று நாளில் குழைந்து நாறிவிடும். இந்த வண்டியை மண்டி திருப்பி அனுப்பினால் அந்தப் பாதிக்கும் சேர்த்துத்தான் சமாதி.

நாக்கு என்று நபீசா சொன்னது தன் வாப்பா, மண்டி முதலாளி நூகு மரைக்காயரின் நாக்கை. வாலிபத்திலிருந்து அந்த மண்டியில் பழத்துக்குத் தரம் சொல்லிவந்தது அதுதான். வண்டியிலிருந்து ஒரு பழத்தைக் கை போன போக்கில் எடுத்து, நடுவே அறுத்து, ஒரு கீற்றைக் கொண்டுவந்தவர் கையில் கொடுத்துவிட்டு, இன்னொரு கீற்றைத் தான் கடித்துப் பார்த்து, முதல், இரண்டு, கழிவு என்று சொல்லிவிடுவார். எதிர்த்துப் பேசியவர் கிடையாது. முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தவர் உண்டு. மரைக்காயருக்குப் பிடித்தவர் கொண்டுவந்தால் பூசணிக்காயும் தித்திக்கும் என்று பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் நபீசாவுக்கு மானம் போகும்.

நோன்பு மாதத்தில் தின்று பார்க்கிற அந்த வேலை தியாகராசனிடம் வந்துவிடும். கோவில்பத்திலிருந்து மோட்டார் பைக்கில் வந்து போகிற மனிதர். பகலெல்லாம் முதலாளிக்குப் பதிலாகத் தின்று தின்று முப்பது ரமலானை ஓட்டியவர். போன வருஷம் அவருக்குச் சர்க்கரை நோய் தாறுமாறாக ஏறிவிட்டது. அவர் மனைவி பங்கஜவல்லி மண்டிக்கே நேரில் வந்து, "உங்க நோம்புக்கு எங்க வீட்டுக்காரரு உசிரு போவணுமாங்க?" என்று மரைக்காயர் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டுப் போனாள். கேட்டதில் தப்பில்லை. ஆக, ஒருவர் நோன்பு, ஒருவர் பத்தியம். முலாம்பழமும் தர்பூசணியும் வந்து குவிகிற மாதத்தில் மண்டியில் தின்று பார்க்க வாயில்லை. மீட்டர் வாங்குவது என்று முடிவானது அப்படித்தான்.

எந்த மீட்டர் என்று பார்க்கிற பொறுப்பை நபீசா ஏற்றுக்கொண்டாள். தோட்டக்கலை படித்தவள், அதிலும் அறுவடைக்குப் பிறகு பழம் என்ன ஆகிறது என்பதையே மேல்படிப்பாகப் படித்தவள். இந்தக் கருவிகளைப் பற்றி அவளுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தோலுக்குள் விட்டு, திரும்பி வருகிற ஒளியில் எது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து உள்ளே இருக்கிற சர்க்கரையைக் கணக்கிடும். கீறல் விழாது, பழம் விற்பனைக்கு அப்படியே இருக்கும். ஆனால் அது தானாக எதையும் அறியாது. இந்தப் பழத்தில் இப்படி ஒளி வந்தால் இவ்வளவு சர்க்கரை என்று முதலில் அதற்குப் பழக்கிக் கொடுக்க வேண்டும். எந்த ஊர்ப் பழத்தில் பழகியதோ அந்த ஊர்ப் பழத்தில்தான் அது சொல்வதை நம்பலாம்.

விற்க வந்த மூன்று கம்பெனி ஆட்களையும் அவள் உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். முதலில் வந்தது ஆப்பிளுக்கும் திராட்சைக்கும் லாயக்கு. முலாம்பழத்தின் தடித்த தோலைத் தாண்டி அதன் ஒளி உள்ளேயே போகவில்லை. இரண்டாவது கைக்கு அடக்கமாக, பார்க்க லட்சணமாக இருந்தது. வண்ணத் திரை, தட்டினால் வேலை முடிந்தது. ஆனால் கம்பெனியிலேயே பழக்கிப் பூட்டி அனுப்பியிருந்தார்கள். நம் ஊர்ப் பழத்தை அதற்குச் சொல்லிக்கொடுக்க வழியில்லை. மூன்றாவது கனம், மெதுவாக வேலை செய்யும், பார்த்தால் பழைய காலத்து ரேடியோ மாதிரி இருக்கும். ஆனால் அதைத் திறந்து பழக்கலாம். நூறு பழத்தை அழுத்தி, பிறகு அவற்றை அறுத்து, சாற்றில் ஒரு சொட்டை, சர்க்கரை அளவை நேரடியாகக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் விட்டு, வந்த அளவை அதற்குள் ஏற்றினால் போதும். வெயிலில் கிடந்த பழம், நிழலில் வைத்த பழம் என்று எல்லாச் சூட்டிலும் பழக்கச் சொல்லி அதன் குறிப்பிலேயே போட்டிருந்தது. நபீசா மூன்றாவதைத்தான் வாங்க வேண்டும் என்று வாப்பாவிடம் சொன்னாள்.

அஃப்ரித் இரண்டாவதை வாங்கிவந்தான்.

துபாயில் பழக் கம்பெனியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் அவன். சென்னைக் கடைக்காரர்களின் கிடங்கில் அதே இரண்டாவது மீட்டர்தான் இருக்கிறது என்பது அவன் கட்சி. "அவங்களும் நாமளும் ஒரே மீட்டர் வச்சிருந்தா சண்டையே வராது லாத்தா. அவன் ஒம்பதுன்னா நாமளும் ஒம்பது." வாப்பாவும் தலையை ஆட்டிவிட்டார். ஆம்பிளைப் பிள்ளை வெளிநாடு பார்த்தவன் சொல்கிறான், பொம்பளைப் பிள்ளை புத்தகம் பார்த்துச் சொல்கிறாள். அந்த வீட்டில் எது எடுபடும் என்பது நபீசாவுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் இரண்டு நாள் அவள் தம்பியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் அவளே இறங்கிவந்து அதைச் சோதித்தும் பார்த்தாள். அங்கேதான் வினை. நோன்பு தொடங்கி மூன்றாம் நாள். எச்சில் கூட்டி விழுங்க முடியாத வெயில். மண்டியில் சோதனைக்கு உட்கார்ந்த நான்கு பேரும் நோன்பாளிகள். வாசலில் உட்கார்ந்தால் மதிய லுஹர் தொழுகைக்குள் தொண்டை வறண்டுவிடும் என்று, எல்லோருமாகக் குளிர் அறைக்குள் பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். சோதித்த பழங்களும் அங்கேயே இருந்தவை, ஆந்திராவிலிருந்து லாரியில் வந்து இராத்திரியோடு இராத்திரியாக உள்ளே அடுக்கியவை. மீட்டர் பதினொன்று என்றது, அறுத்துச் சாறு விட்டால் ரிஃப்ராக்டோமீட்டரும் பதினொன்று என்றது. மீட்டர் ஒன்பது, அதுவும் ஒன்பது. நபீசா திரும்பத் திரும்பப் பார்த்தாள். கடைசியில், "சரியாத்தான் இருக்கு," என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். குளிருக்கு இதமாகப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த யாருக்கும் வெளியே வெயிலில் நிற்கிற பழத்தின் நினைப்பு வரவில்லை.

அன்றிலிருந்து மீட்டர் வைத்தது சட்டம். ஒரு வாரம் வாசலில் நின்று அழுத்தியது நபீசாதான். உள்ளூர்ப் பழம் நிறையக் கழிந்தது. இந்த வருஷம் மழை தப்பிப் பெய்ததால் பழம் இனிப்பேறவில்லை போலிருக்கிறது என்று அவளே விவசாயிகளுக்குச் சமாதானமும் சொல்லி அனுப்பினாள். இன்றைக்குத்தான் அஃப்ரித் மீட்டரைக் கையில் எடுத்திருந்தான். அல்லியின் வண்டி வரிசையில் கடைசியாக நின்றது.

"நபீசாம்மா," என்றாள் அல்லி. "காலையில இத வெட்டிக் கூலியாளுங்களுக்குக் குடுத்தேங்க. இன்னொண்ணு குடுன்னு கேட்டு வாங்கித் தின்னாங்க. இனிக்காததயா கேட்டு வாங்குவாங்க?"

"அதத்தான் நானும் சொல்றேன். அறு அஃப்ரித்."

"லாத்தா, நான் அறுத்து அது இனிச்சாலும் என்ன செய்யச் சொல்றீங்க? மெட்ராஸ்ல அவன் அறுக்க மாட்டான். இதே மீட்டர வைப்பான். ஆறுன்னு வரும். மொத்த லோடும் திரும்பி வரும். அந்தச் செலவ நீங்க குடுக்குறீங்களா?" அவன் அல்லியைப் பார்த்துக்கூடப் பேசவில்லை. "எறக்க வேணாம். வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

அல்லி அதற்கு மேல் கெஞ்சவில்லை. நபீசா, "ஒரு க்ரேட் மட்டும் இருக்கட்டும் அல்லிக்கா, நான் பாத்துட்டுப் போன் பண்றேன்," என்றபோது ஒரு க்ரேட்டை இழுத்துத் தரையில் தொப்பென்று வைத்தாள்.

"வச்சுக்குங்க. மாடு இருந்தா போடுங்க. நாக்கு சொன்ன காலத்துல மரைக்காயரு மொகத்தப் பாத்து ரெண்டு வார்த்த கேக்கலாம். இதுகிட்ட யாரு மொகத்தப் பாத்து நான் கேக்குறது?"

வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. நபீசாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தம்பி மேல் கோபம், உள்ளே பாயில் சாய்ந்தபடி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு எழுந்து வராமல் இருந்த வாப்பா மேல் கோபம், வரப்பில் நின்று வாய் கிழியப் பேசிய தன் மேல் எல்லாவற்றையும் விடக் கோபம். க்ரேட்டை நிழலுக்குத் தூக்கலாம் என்று குனிந்து ஒரு பழத்தைக் கையில் எடுத்தாள். சுட்டது. இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போலச் சுட்டது.

அப்படியே நின்றுவிட்டாள்.

நோன்பு மாதத்தில் மண்டி பதினொரு மணிக்குத்தான் திறக்கும். விடியுமுன் சஹர் சாப்பாட்டை முடித்துப் படுக்கிறவர்கள் எழுந்து வர வேண்டுமே. விவசாயிகள் வெயிலுக்கு முன்னே பழத்தைப் பறித்துவிடுவார்கள். பறித்ததைத் திறந்த வண்டியில் ஏற்றி, மண்டி வாசலில் வந்து, கதவு திறக்கிற வரைக்கும் வரிசையில் வெயிலில் நிற்பார்கள். நேர் வெயில் குடித்த பழத்தைத்தான் ஒரு வாரமாக மீட்டர் பார்த்துக்கொண்டிருக்கிறது. சூட்டில் பழத்துக்குள் இருக்கிற தண்ணீர் ஒளியை வேறு மாதிரி விழுங்கும். அதை மூன்றாவது மீட்டரின் குறிப்பில் படித்தவள் அவள், அதைச் சொல்லித்தான் வாப்பாவிடம் வாதாடினாள். வாதாடிவிட்டுக் குளிர் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மேஜை இழுப்பறையிலிருந்து ரிஃப்ராக்டோமீட்டரையும் கத்தியையும் எடுத்துவந்தாள். பழத்தை அறுத்து, சாற்றைப் பிழிந்து கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேராகக் கண்ணில் வைத்தாள். பதினொன்றைத் தாண்டி நின்றது கோடு. இன்னொன்றை அறுத்தாள். அதுவும் அப்படியே. உடனே அல்லிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் போட்டாள், எடுக்கவில்லை. யார்தான் எடுப்பார்கள்.

அறுத்ததைக் காட்டினால் அஃப்ரித் மறுபடியும் மெட்ராஸ் மீட்டர் என்றுதான் ஆரம்பிப்பான். ஆகவே மிச்சப் பழங்களைத் தியாகராசனோடு சேர்ந்து குளிர் அறையில் வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். தொழ எழுந்து போனதைத் தவிர அசையவில்லை. நடுநடுவே அல்லிக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ கொஞ்சம் படுத்து எந்திரி பாப்பா. நான் பாத்துக்கிறேன்," என்றார் தியாகராசன்.

"வேணாம் மாமா. படுத்தா தூக்கம் வராது, வெறிதான் வரும்."

மாலை அஸர் தொழுகை முடிந்து ஆண்கள் மண்டிக்குத் திரும்பியதும், தம்பியையும் வாப்பாவையும் குளிர் அறைக்குக் கூட்டிப் போனாள். உச்சி வெயிலில் மீட்டர் ஆறு, ஏழு என்று சொன்ன அதே பழங்கள்; அஃப்ரித்தே அவற்றில் கழிவு என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். அவன் கையிலேயே மீட்டரைக் கொடுத்தாள். அழுத்தினான். பத்து புள்ளி ஒன்பது. அடுத்தது பதினொன்று. திரையில் எழுத்து பச்சையாக மாறியிருந்தது. அவன் மீட்டரைத் துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினான். பச்சைதான்.

"மெட்ராஸ் கெடங்கும் இப்படிக் குளுந்த எடந்தானே," என்றாள் நபீசா. "ஐஸ் வண்டியில போய், ஐஸ் ரூம்ல எறங்குற பழத்ததானே அவங்க பாப்பாங்க. அங்க இது பதினொண்ணு காட்டும். நீ சொன்ன ஞாயத்துப்படியே பாத்தாலும் அல்லிக்கா பழம் முதல் தரம். அவங்கள நீ சும்மா தொரத்திவிட்டிருக்க."

அஃப்ரித் கெட்ட பிள்ளை இல்லை. முகம் சுண்டிப்போய், தான் ஒட்டிய ஸ்டிக்கர் ஒன்றை நகத்தால் கிழித்தான். பிறகு அவனுக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான்.

"சரி லாத்தா, தப்புத்தான். நாளையிலேர்ந்து குளுர வச்சிட்டு மீட்டர் வைப்போம். அந்த அம்மாவ மட்டும் கூப்பிட்டு, தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லி மிச்ச பழத்த எடுத்துக்குவோம். ஆனா சத்தம் போடாம செய்யணும். போன வாரம் கழிச்ச ஆளுங்க காதுக்குப் போச்சுன்னா அத்தன பேரும் வாசல்ல வந்து நிப்பாங்க."

நபீசா வாப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தாள். ஆள் பார்த்துத் தரம் சொன்னார் என்று ஊர் பேசியிருக்கலாம், ஆனால் இனிப்பை இனிப்பில்லை என்று சொன்ன மனிதர் அவர் இல்லை என்பது அவள் மனதில் இருந்த நம்பிக்கை.

மரைக்காயர் ஒரு பழத்தை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தார். அதைப் பதனமாக இருந்த இடத்திலேயே வைத்தார்.

"தம்பி சொல்றதுதான் சரி மவளே. கழிஞ்சது கழிஞ்சுபோச்சு. அத இனிமே தோண்டுனா பழம் வராது, மண்டி பேருதான் போவும்."

"நோம்பு வாயோட சொல்றீங்களா வாப்பா இத?"

மகள் இப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நபீசாவுக்கு அப்போது வந்ததைக் கோபம் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். போன வாரம் கழித்ததில், நிரவியில் விவசாயம் பார்க்கிற, அல்லிக்கும் தெரிந்த கவியாவின் பழமும் உண்டு. கழித்தது நபீசாவின் கை. மழை மேல் பழியைப் போட்டு, அடுத்த வருஷம் பார்ப்போம் என்று தோளைத் தட்டிவேறு அனுப்பியிருந்தாள். இவர்கள் இருவரும் பூசி மெழுகி மூடப் பார்ப்பது அதையும் சேர்த்துத்தான். அவள் மீட்டரைத் தம்பி கையிலிருந்து பிடுங்கி மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். சாவியைத் தியாகராசனிடம் கொடுத்து, "யாரு கேட்டாலும் குடுக்காதீங்க மாமா, மொதலாளியே கேட்டாலும்," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். தியாகராசன் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

கருக்களாச்சேரிக்குப் போகிற வழியில் வெயில் தணிந்திருந்தது. கடல் காற்றில் மீன் வாடையும் ஈர மணல் வாடையும் கலந்து வந்தன. அல்லியிடம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று வழிநெடுகத் தன்னோடு பேசிக்கொண்டே போனாள். பாதிப் பழம் போனாலும் மீதிப் பாதி இருக்கிறது. நாளைக்குக் காலையில் வெயிலுக்கு முன்னே குளிர் அறையைத் திறந்துவைத்து அவள் வண்டியை நேராக உள்ளே விட்டுவிடலாம்.

வயலுக்கு வந்தபோது வரப்பில் கால் வைக்க இடமில்லை. வயல் முழுக்க ஆடு. சம்பா அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து கிடைக்காரர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள், பகலில் மேய்த்து இரவில் வயலில் அடைத்து எருவுக்கு விடுவார்கள். அறுப்பு முடிந்த வயல்தான் கிடைக்கு. அல்லியின் கொடிகளுக்குள் ஆடுகள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, பழுத்ததும் பிஞ்சும் பார்க்காமல் கடித்துக் குதறிக்கொண்டிருந்தன. மணலெல்லாம் ஆரஞ்சு நிறச் சதையும் விதையும் சிதறிக் கிடந்தன.

அல்லி வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வண்டியிலிருந்து இறக்கிய பழத்தில் கொஞ்சம் குவிந்திருந்தது.

"அல்லிக்கா, ஆட்ட ஓட்டச் சொல்லுங்க. நிறுத்துங்க முதல்ல."

"நிறுத்தி என்னங்க செய்யிறது?" அல்லி எழுந்திருக்கவில்லை. "வண்டிப் பழத்துல பாதிய பீச் ரோட்டுல ஜூஸ் கடைக்காரரு கேட்ட வெலைக்குக் குடுத்துட்டேன். மிச்சத்த அவரும் வேணாம்னுட்டாரு. கொடியில கெடக்குறத பறிக்கக் கூலி குடுத்து, பறிச்சத நாறவிட்டு, அத அள்ளிக் கொட்டவும் கூலி குடுக்கணுமா? ஆட்டுக்காரரு எரு போட்டுத் தரேன்னாரு. விட்டுட்டேன்."

நபீசா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வெயில், சூடு, மண்டி திறக்கிற நேரம், குளிர் அறையில் பாய் போட்டு உட்கார்ந்த கதை, சாயங்காலம் பச்சையாக வந்த எழுத்து. தம்பி சொன்னதையும் வாப்பா சொன்னதையும்கூட மறைக்காமல் சொன்னாள். அல்லி முகத்தில் ஆத்திரம் வரும், நாலு வார்த்தை திட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம் என்று நபீசா காத்திருந்தாள். அல்லி குவியலிலிருந்து ஒரு பழத்தை எடுத்து முழங்காலில் வைத்து இரண்டாகப் புட்டாள். அந்த நேரத்தில் தூரத்துப் பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு சொல்லத் தொடங்கியது.

"நோம்பு தொறக்குற நேரம்," என்று பாதியை நீட்டினாள். "வெறும் வயிறா நிக்காதீங்க. தின்னுங்க."

நபீசா பிஸ்மில்லாஹ் சொல்லி வாயில் வைத்தாள். அந்த வருஷம் அவள் தின்ற முலாம்பழங்களில் அப்படித் தித்தித்தது வேறில்லை. ஆடுகள் கடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவளால் இரண்டாவது வாய் கடிக்க முடியவில்லை.

"உங்க தம்பி சத்தம் போட வேணாம்னாருல்ல," என்றாள் அல்லி. "நானும் போட மாட்டேன். எனக்குத் தெம்பு இல்ல. ஆனா கவியாவுக்கு நீங்களே சொல்லுங்க. இஞ்சயே, எங் கண்ணு முன்னால."

நபீசா பழத்தை மடியில் வைத்துக்கொண்டு போனை எடுத்தாள். கவியா உடனே எடுத்துவிட்டாள். நபீசாவே அழைத்ததில் அவள் குரலில் ஒரு சுறுசுறுப்பு தெரிந்தது. சொல்லுங்கக்கா, என்றாள். நபீசா சொன்னாள். சுருக்கமாகச் சொல்லலாம் என்று தொடங்கி, எதையும் விட முடியாமல் முழுவதையும் சொன்னாள்.

"எனக்கு இனிச்சுதுக்கா," என்றாள் கவியா. "அன்னிக்கி மண்டியிலேர்ந்து திரும்பி வந்து ஒண்ண அறுத்துத் தின்னு பாத்தேன். நல்லா இனிச்சுது. மெஷினே இல்லன்னு சொல்லிருச்சே, படிச்ச நீங்களும் சொல்லிட்டீங்களே, அப்ப என் நாக்குதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். யாருகிட்டயும் சொல்லல."

"உன் நாக்கு சரிதான் கவியா. மீட்டர்தான் தப்பு. அத வச்சு அழுத்துன நான்தான் தப்பு. மிச்ச பழத்த நாளைக்கி நானே வண்டி கொண்டாந்து ஏத்திக்கிறேன்."

"அத அன்னிக்கி சாயங்காலமே கொடியோட டிராக்டர விட்டு உழுதாச்சுக்கா," என்றாள் கவியா.